நடுப்புள்ளி

வில்னியஸில் நவம்பர்.
நாலு மணிக்கே நெரிஸ் ஆறு கறுத்துவிட்டது.
இரவு ஷிஃப்ட்டுக்கு வந்த ஸ்கிர்மாந்தே
செருப்பின் மேல் நீல உறை மாட்டி,
மோதிரத்தைக் கழற்றித்
தேநீர்க் கோப்பைக்குள் போடுகிறாள்.
லேசர் மேசையருகே
மின்னுகிற எதுவும் ஆகாது.

கற்றை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.
ஆயிரத்து முப்பது நானோமீட்டர்,
சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாமல்.
குறுக்கே ஓர் அட்டையை நீட்டினால்
அதில் ஒரு மச்சமாய் எட்டிப்பார்க்கும்.
எடுத்தால் மறுபடி இருட்டு.

இமைப்பொழுது என்கிறோமே,
இங்கே அது ஒரு யுகம்.
இந்தத் துடிப்பு இருநூறு ஃபெம்டோ நொடி
என்று காகிதம் சொல்கிறது.
அதற்குள் ஒளியே
ஒரு தலைமுடியின் தடிமன்தான் கடக்கும்.

மெய்தானா என்று எதை வைத்துப் பார்ப்பது?
இதைவிடச் சின்னக் கடிகாரம் கைவசம் இல்லை.
ஆகவே அதை அதனாலேயே அளக்கிறார்கள்:
இரண்டாய்ப் பிளந்து
ஒன்றை நேர்வழியிலும்
மற்றதைச் சுற்றுவழியிலும் அனுப்பி
ஒரு படிகத்துக்குள் குறுக்கிட வைக்கிறார்கள்.

பேரியம் போரேட்.
சர்க்கரைத் துணுக்கைவிட மெலிது,
ஈரம் பட்டால் பூத்துப்போகும்.
கோணம் பிசகினால் வெறும் கண்ணாடிச் சில்லு.
சரியாய்ச் சாய்ந்தால்
கண்ணுக்குத் தெரியாத இரண்டு உள்ளே போய்
தெரிகிற ஒன்று வெளியே வரும்,
ஐந்நூற்றுப் பதினைந்தில், பச்சையாய்.
ஒன்றும் ஒன்றும் ஒன்று.

வெள்ளைத்தாளில் இப்போது இரண்டு புள்ளிகள்.
இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று,
அததன் சொந்தச் சம்பாத்தியம்.
நடுவில் எதுவும் இல்லை.
இரண்டு துடிப்பும் ஒரே கணம் வந்தால்தான்
நடுவில் பற்றும்.

திருகைத் திருப்புகிறாள்.
ஒரு மைக்ரான் தள்ளினால்
கிட்டத்தட்ட ஏழு ஃபெம்டோ நொடி தாமதம்.
பத்து மைக்ரான். இல்லை.
இன்னும் பத்து.
இல்லை.

வைதோதஸ் டிராலிபஸ் ஓட்டுகிறான்.
விடியுமுன் கிளம்பிவிடுவான், அவள் திரும்புவது அதன்பின்.
ஒன்பது நாளாய் அவர்கள் பேச்செல்லாம்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள்களில்:
கேஃபிர் தீர்ந்தது.
சன்னல் கொக்கி சரிசெய்தேன்.
ஒரு தாளில்
எழுதி அடித்த ஒரு வரி.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தும்
அவளால் படிக்க முடியவில்லை.

மணி மூன்று.
இவ்வளவு நேரமும்
தப்பான பக்கம் தேடியிருக்கிறாள்.
திருகைப் பின்னால் ஓட்டுகிறாள், மெல்ல,
மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டு,

அதோ.

நடுவில் ஒரு பச்சை.
பக்கத்துப் புள்ளிகளைவிடப் பிரகாசம்.
தும்மினால் போய்விடுமோ என்று
சற்று நேரம் அசையாமல் இருக்கிறாள்.

பிறகு வேலை.
திரையில் ஒரு குன்று எழுகிறது.
அகலத்தை வகுத்தால் இருநூற்றுப் பதினெட்டு.
தௌமாந்தஸ் தொலைபேசியில் கொட்டாவி விடுகிறான்:
"இருநூற்று இருபது வரை ஏற்பார்கள். பெட்டியில் போடு."
குன்று இருபுறமும் ஒரேபோல் சரிகிறது.
இந்த அளவையில் அப்படித்தான்:
எவ்வளவு தூரம் விலகினார்கள் என்று சொல்லும்,
யார் பிந்தினார் என்று சொல்லாது.

ஐந்து நாற்பதுக்கு வெளியே உறைபனி.
வீட்டுக்குப் போகும் நிறுத்தத்தைத் தாண்டி
எதிர்ச்சாரியில் போய் நிற்கிறாள்.
இரண்டு வண்டிகளை விட்டுவிடுகிறாள்.
மூன்றாவது, கம்பியில் பொறி தெறிக்க வந்து
முன்கதவைத் திறக்கிறது.

ஓட்டுநருடன் பேசக் கூடாது
என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
அவள் பேசவில்லை.
கைப்பிடியைப் பற்றி
அவன் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்,
மூன்று நிறுத்தம்.

சிவப்பு விளக்கில்
அவன் அவள் விரலைப் பார்க்கிறான்.
"கோப்பையில் இருக்கிறது" என்கிறாள்.
அவன் தலையசைக்கிறான்.
பின்னால் யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள்.
விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.