பதினான்கில் வாய் திறந்தது

எல் ஆல்தோவில் காற்றுக்கே பஞ்சம்.
கடலோரத்தில் பத்துப் பங்கு என்றால் இங்கே ஆறு.
மீதி நாலை டர்போதான்
எங்கேயாவது கைமாற்று வாங்கி வர வேண்டும்.

இலாரியோன் அபாசாவின் சுபாரு
மூன்று வாரமாகக் கைமாற்றுக்குப் போக மறுக்கிறது.
ஏற்றத்தில் மிதித்தால் யோசிக்கிறது.
முள் பாதியில் நின்றுவிடுகிறது,
கூப்பிட்டும் உள்ளே வராமல்
நிலைப்படியிலேயே நிற்கும் விருந்தாளி மாதிரி.

முதல் மெக்கானிக் டர்போ போச்சு என்றான்.
இரண்டாமவன் டர்போவை மாற்றினான்.
மூன்றாமவன் மாற்றிய டர்போவும் போச்சு என்றான்.
என்னிடம் வரும்போது அவரிடம் மிச்சமிருந்தவை
ஒரு கைப்பிடி கோக்கா இலை,
"காற்றே சரியில்லை, தோன்யா செனோபியா"
என்ற ஒரு வாக்கியம்.

காற்றைக் குறை சொல்லாதீர்கள்.
மினிபஸ்களும் இதே காற்றில்தான் ஏறுகின்றன.

டர்போச் சக்கரத்தை விரலால் அசைத்தேன்.
ஆட்டமில்லை, எண்ணெய் கக்கவில்லை.
வேஸ்ட்கேட் கம்பி கைப்பம்புக்குப் பணிந்து நகர்ந்தது.
எஞ்சினை ஓடவிட்டுக் காது வைத்தால்
ஒரு முணுமுணுப்பும் இல்லை.
சும்மா இருக்கும்போது எந்த ஓட்டையும் யோக்கியன்தான்.

என்னிடம் ஒரு கருவி உண்டு.
குழாய் மூடியைத் துளைத்துப் பழைய டயர் வால்வைச் செருகியது.
மூடி நாலு பொலிவியானோ. டயர் தெருவில் கிடந்தது.
அதை டர்போவின் வாயில் மாட்டி,
குழாய்களுக்கெல்லாம் சோப்பு நுரை பூசி,
கம்ப்ரசரைத் திறந்தேன்.

ஏழு. ஒன்றுமில்லை.
பத்து. ஒன்றுமில்லை.
இலாரியோன் இலை மெல்வதை நிறுத்தினார்.
பதினான்கில்,
இன்டர்கூலருக்குக் கீழே, கை மட்டும் போகிற இடத்தில்,
ஒரு குமிழி.
அதன் முதுகில் இன்னொன்று.
அப்புறம் சீழ்க்கை.
நுணல் தன் வாயால் கெட்டது.

ரப்பரின் அடிவயிற்றில் நகக்கண் நீளத்துக்குக் கிழிசல்.
கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில்
முறுக்கிக் கட்டிய இரும்புக் கம்பி.
அதுதான் அறுத்திருக்கிறது.

யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.
டார்ச்சை மட்டும் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஏழு. பத்து.

"ஒருரோ சாலையில்," என்றார் கடைசியில்.
"ராத்திரி. பனி கொட்டியது. கிளாம்ப் எங்கேயோ விழுந்துவிட்டது.
ரெண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்."

மூன்று பேரிடமும் சொல்லவில்லையா?

"மூன்று பேரும் கேட்கவில்லை."

குழாய் ஒன்று, கிளாம்ப் இரண்டு, கூலி. நூற்றிருபது.

லா பாஸிலிருந்து மேலேறும் பாதையில்
மூன்றாம் கியரில் மிதித்தார்.
விருந்தாளி நிலைப்படியைத் தாண்டி
நேரே அடுப்படிக்கே போய்விட்டார்.
என் தொப்பி பின்சீட்டில் விழுந்தது.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
"கழற்றினார்களே, அந்தப் பழைய டர்போ,
அது நன்றாகத்தான் இருந்ததா?"

நன்றாகத்தான் இருந்திருக்கும்.
இந்நேரம் யாருக்கோ
புதிதென்று விற்றிருப்பார்கள்.