இரண்டு வோல்ட்

வில்லியம் க்ரீக் தாண்டி, நாற்பத்தைந்து டிகிரியில்,
பின்னால் ஃபிரிட்ஜ் மறுபடி
சிவப்பு விளக்கைக் காட்டிப் படுத்துக்கொண்டது.
பேட்டரி செத்துவிட்டதாம்.

பானெட்டைத் தூக்கி மீட்டரை வைத்தேன்:
பன்னிரண்டரை.
பின்கதவைத் திறந்து அந்த முனையில் வைத்தேன்:
பத்தரை.

இடையில் இருப்பது
சிகரெட் லைட்டர் துளையிலிருந்து வரும்
ஐந்து மீட்டர் கம்பி. நூல் மாதிரி.
தொட்டால் வெதுவெதுப்பு.
வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது.

மரீ கடையில் தடித்த கம்பி வேண்டாமென்று
நாற்பது டாலர் மிச்சம் பிடித்தவன் நான்.
கோரலி அதைச் சொல்லவில்லை.
ஈ ஓட்டியபடி,
"என் இன்சுலினா உன் பியரா,
எதற்கு இவ்வளவு வேர்க்கிறாய்?" என்றாள்.

ஜம்பர் கேபிளை எடுத்து வெட்டினேன்.
கட்டைவிரல் தடிமன் செம்பு.
சிவப்பையும் கறுப்பையும் முனைக்கு முனை முறுக்கி
ஒற்றைப் பிளஸ் ஆக்கினேன்;
மைனஸுக்கு வண்டியின் உடம்பே போதும்.
ஸ்பாட்லைட்டின் பியூஸைப் பிடுங்கி
பேட்டரியை ஒட்டிச் செருகினேன்.

பச்சை விளக்கு. உறுமல்.

இருட்டிய பிறகுதான் உறைத்தது:
இந்த உறுமல் ராத்திரி முழுக்கக் குடித்தால்
காலையில் வண்டியை எழுப்ப
கேபிள் இல்லை.
அடுத்த வண்டி நாளையோ, வியாழக்கிழமையோ.

அணைக்கலாமா என்று கேட்கவில்லை இருவரும்.
அது நிற்கும்போதெல்லாம் விழித்தோம்,
ஓடும்போதெல்லாம் கணக்குப் போட்டோம்.

விடிந்தது. சாவியில் கை.
"பொறு" என்று கோரலி
ஒரு வெள்ளரியை எடுத்து முறித்தாள்.
பல் கூசும் சில்லிப்பு.
தின்று முடிக்கும்வரை
சாவியைத் திருப்பவில்லை.