எந்த நாள் கடல்

பார்சல் லாரியில் வந்திறங்கியது பெட்டி.
வேம்பார் உப்பளத்துக்குப் பின்னால் தோண்டிய
சிப்பிப் பாறை.
கருப்பூர் ஆய்வகத்தில் கல் அறுப்பவன் நான்;
மலையைத் தகடாக்கி
வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்ப்பது வேலை.
சேர்வராயன் கருங்கல் என்றால்
வைர பிளேடு பல்லைக் கடிக்கும்.
இது வெண்ணெயாய் வழிவிட்டது.
அறுத்த தண்ணீரில் கருவாட்டு வாசம் என்றேன்.
பெர்னதெத் சிரித்தாள்:
"ஐயாயிரம் வருசத்துச் சிப்பி அண்ணே,
கருவாடுகூட அவ்வளவு நாள் தாங்காது."

சிப்பி மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டாள்:
கோலி சோடா உடைத்த மாதிரி பொங்கியது.
ஜன்னலுக்கு வெளியே தெரியும் கரட்டிலிருந்து
நான் பொறுக்கி வந்த வெள்ளைக்கல் மேல் ஒரு சொட்டு:
மூச்சே விடவில்லை.
சூடு காட்டினால்தான் அது வாய் திறக்கும்.
சாக்கட்டிக் குன்று என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தது
நிறத்தைப் பார்த்து.
சாக்கட்டி கடலடியில் படிவது.
இதுவோ பூமியின் அடிவயிற்றுப் பாறை
உளுத்து, வெளுத்து, நரம்போடியது.
கடலை அது கேள்விப்பட்டதில்லை.
நான் மட்டும் என்ன,
ராமேஸ்வரத்தில் மூன்று முங்கு, அவ்வளவுதான்.

"ரெண்டு ஓடும் மூடியே இருக்கு பாருங்க.
யாரும் தின்னு எறிஞ்சதில்ல,
அலை புரட்டிக் குவிச்சதும் இல்ல.
இருந்த இடத்துலயே இருந்து செத்தது."
அதனால்தான் அதன் சாட்சி செல்லும்.
இன்றைய கடலுக்கு இரண்டு மீட்டர் பத்து மேலே
அது ஒருகாலம் நனைந்து உலர்ந்து நனைந்து
வாழ்ந்திருக்கிறது.

பிறகு டேப்பை இழுத்து
ஆய்வகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.
"எங்க வீட்டுத் தரை கடலுக்கு எண்பது சென்டிமீட்டர் மேல.
கழிச்சா, சிப்பி இங்க ஒட்டியிருக்கும்."
விசிறி சுவிட்சுக்கு நேராக இருந்தது கோடு.
அந்தக் கையோடு விசிறியை நிறுத்தினாள்,
தூள் பறக்கிறது என்று.

சனிக்கிழமை ஏற்காடு பஸ்.
குளிருக்கில்லை, படகுக்கில்லை.
செல்போனில் உயரம் பார்த்துக்கொண்டே வந்தவள்
மூன்றாவது கொண்டை ஊசிக்குள்
"இவ்வளவுதான்" என்றாள்.
அடிவாரத்திலிருந்து நூற்றிருபது மீட்டர்.
பனி உறைந்த காலத்தில் கடல் இவ்வளவு ஆழம் இறங்கியது,
உருகியபோது இவ்வளவும் ஏறியது.
இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம்.
கீழே சேலம் சின்ன விளக்குகளாய்;
மேலே இன்னும் பதினேழு வளைவுகள் பாக்கி.
பக்கத்து சீட் குழந்தை வாந்தி எடுத்தது.

அவள் ஊர் திரும்பும் இரவு
தூத்துக்குடி வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
சந்திப்பின் மஞ்சள் பலகையில்
ஊர்ப் பெயருக்கு அடியில், பொடி எழுத்தில்,
கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்.
இருபது வருடமாகக் கடந்து போயிருக்கிறேன்;
கடலில்லாத ஊருக்கு இது எதற்கு என்று
கேட்டதில்லை.
அவள் கேட்டது வேறு:
"எந்த நாள் கடல்ல இருந்து, அண்ணே?"

நூறு வருடம் முன்பு, சில துறைமுகங்களில்,
ஏற்றமும் வற்றமும் கூட்டி வகுத்த ஒரு சராசரி.
அதை அளவுகோல் மாற்றி அளவுகோலாக
ஊர் ஊராய் நடத்திக்கொண்டு வந்து
இந்த மேடையில் இறக்கிவைத்துப் போயிருக்கிறார்கள்.
அது அங்கேயே நிற்கிறது.
கடல் நிற்கவில்லை.

காலிப் பெட்டியில் மூன்று வெள்ளைக்கல் போட்டுக் கொடுத்தேன்,
அவள் அம்மாவுக்குக் காட்ட.
வண்டி நகர்ந்ததும்
பலகையை இன்னொரு தரம் படித்தேன்.
கடைசி இலக்கத்தில்
பெயின்ட் உரிந்திருந்தது.