கால் அங்குலம்

துப்பாக்கி என் பெயருக்கு மாற
சிவகங்கைக்குப் பதினோரு முறை போனேன்.
கையெழுத்து, கையெழுத்து, மறுபடியும் கையெழுத்து.
ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர்
கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி
என் கையைப் பார்த்தார்.

பன்னிரண்டு போர், இரட்டைக்குழல்.
தம்பி சோலையப்பன் பினாங்கில் வீடு வாங்கியபோது
இரும்பு அலமாரிச் சாவியோடு விட்டுப்போனது.
புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு எனக்கு.
ஞாயிறு மட்டும் கிளப் பொட்டலில்
வானத்துக்கு எறிகிற ஆரஞ்சுத் தட்டுகள்.

தட்டு எந்தப் பக்கம் பறந்தாலும்
என் ரவைகள் அதன் சோத்தாங்கைப் பக்கமே போயின.
இருபத்தைந்துக்கு நான்கு.
ஒருநாள் ஆறு; அன்று காற்று உதவியது.
கன்னத்தெலும்பு கன்றிப்போய்
திங்கட்கிழமை நெல் லாரிக்காரர்கள்
என்ன ஆச்சி என்று
கேட்காமல் கேட்டார்கள்.

"தோளை மாத்திப் பிடிங்களேன்" என்றார் செயலாளர்,
"பழகினா வந்துரும்."
சிலேட்டைப் பிடுங்கிய டீச்சரும் இதையேதான் சொன்னார்.
ஒரு கல்யாணப் பந்தியில்
நான் சாம்பார் வாளியோடு இறங்க
கரண்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள், மிக மரியாதையாக.
அந்த மரியாதை
கன்னத்து அடியைவிட வலித்ததா என்றால்
இல்லை, கன்னம்தான் வலித்தது.

காரைக்குடியில் உரிமம் வைத்திருக்கும் யாகப்பன்
துப்பாக்கியை மேசையில் கிடத்தி
குழலின் நடுவே ஒரு நூலைப் பிடித்துப்
பின்கட்டை வரை நீட்டினார்.
கட்டை நூலைவிட்டு வலப்பக்கம் நகர்ந்திருந்தது,
பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்ததும்
முழங்காலை ஒதுக்குகிறவர் போல.
"வலக்கைக்காரனுக்கு வழி விட்டிருக்கு.
உங்களுக்கு முட்டுது ஆச்சி."

அளவு: நூலிலிருந்து கால் அங்குலம்.
நாற்பத்து மூன்று வயது எனக்கு.

கட்டையைக் கழற்றி, மணிக்கட்டில் துணி சுற்றி
(துப்பாக்கிக்கும் அது மணிக்கட்டுதானாம்)
காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக்
கரண்டி கரண்டியாக ஊற்றினார்.
பட்டறை முழுக்க பெயின்ட் கடை வாசம்.
திருகை இறுக்கும்போது அக்ரூட் மரம்
ஒரு சத்தம் போட்டது.
இருவரும் அப்படியே நின்றோம்.
டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
விரிசல் இல்லை.

"வளைச்சதுல பாதி திரும்பிரும்.
அதனால இந்தப் பக்கம் கூடவே வளைக்கணும்."
ராத்திரி முழுக்க இடுக்கியில் கிடக்கட்டும் என்றார்.
"மேல் நெம்பை மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது.
வலது கட்டைவிரல் தள்ளவே அடிச்சது."
சரி என்றேன்.
கத்தரிக்கோலோடு எனக்கு ஏற்கெனவே அப்படியொரு ஒப்பந்தம் உண்டு.

அடுத்த ஞாயிறு பதினொன்று.
அதற்கடுத்த ஞாயிறு மழை.
ஆடி முடிவதற்குள் பதினேழு.
கன்னம் என் நிறத்துக்கு வந்தது.
ஆலைக் கணக்கில் எண்ணெய்ச் செலவை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று யோசித்து
என் சொந்தப் பற்றில் எழுதினேன்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான்.
பழைய துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் தா என்றான்.
வலது தோளில் வைத்தான், பத்துத் தட்டு கேட்டான்.
ஒவ்வொன்றும் முழுசாகப் போய்
செம்மண்ணில் விழுந்தது.
ரவை பீச்சாங்கைப் பக்கம் போகிறதென்று
பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது.

கன்னத்தைத் தடவிக்கொண்டே
குழலைப் பார்த்தான், தோட்டா டப்பாவைப் பார்த்தான்,
வெயிலைக்கூட ஒருமுறை பார்த்தான்.
"ஏதோ கோளாறு உமையா இதுல."

பழகினா வந்துரும்
என்று வாய்வரை வந்தது.

துப்பாக்கியை வாங்கி
கட்டைவிரலைச் சுற்றிக் கொடுத்து நெம்பை இழுத்தேன்.
வெற்றுத் தோட்டா இரண்டும் சுடச்சுட
என் உள்ளங்கையில்.
எறி என்றேன்.