முதல் பிடி

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் கூண்டு.
முதல் லாரிக்காரர் நீட்டிய நூறு ரூபாய்
என் விரலிடுக்கில் நிற்காமல் விழுந்தது.
"என்னக்கா, தூக்கமா?"

தூக்கமில்லை.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் நஸீமா இரண்டு விரலை நீட்டி
இறுக்கிப் பிடிங்க என்றாள்.
ஈரத்துணி மாதிரி ஒரு பிடி.
விடாதீங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க.
எட்டில் அவளுக்கு வலித்தது.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தாள்:
நரம்பு முடிகிற நுனி,
அதில் பொடிப்பொடியாய் வாசல்கள்.
மின்சாரம் வந்து தட்டினால்
இமைப்பதற்குள் திறந்து மூடும்.
நுழைவது கால்சியம்,
வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பில் இருக்கிற அதே சரக்கு.
அது போய்த் தொட்டால்தான்
ஓரத்தில் காத்திருக்கும் பொட்டலங்கள் உடையும்;
சேதி இடைவெளி தாண்டித் தசைக்குப் போகும்.
மூளைக்குள்ளும் இதே ஏற்பாடுதானாம்,
நான் இதை நினைப்பதுகூட.

உங்க உடம்போட காவல்காரங்களே
வாசல் பாதியைப் பூட்டிட்டாங்க.
யாரைத் தேடி வந்தவங்கன்னு
நெஞ்சை ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்.

ஸ்கேன் வியாழக்கிழமை.

அதுவரை ஓசூர்ப் பக்கத்து வரிசை இருக்கிறது.
முதல் வண்டிக்குக் கை இல்லை.
இரண்டாவதற்குக் கொஞ்சம்.
திறக்கிற வாசல்கள் வழியே துளித்துளியாய்ச் சேர்ந்து
மாம்பழக்கூழ் டேங்கர் வரும்போது
சில்லறையை அழுத்தி எண்ணித் தருகிறேன்.

மூன்று மணிக்குச் சாலை காலியாகிறது.
சேர்ந்ததெல்லாம் வடிகிறது.
மேசைக்கு அடியில்
வெறுங்கையை இறுக்கி விடுகிறேன்,
இறுக்கி விடுகிறேன்,
அடுத்து வருகிறவர்
முதல் வண்டியாகிவிடக் கூடாதென்று.