எத்தனை பேர்

பத்தொன்பது வருடம் இருமி இருமி எரிந்த பாய்லர்
ஜனவரி ஒன்பதாம் தேதி, பல் விளக்கும் நேரத்தில்
ஒரு விக்கலோடு நின்றது.
ஸ்லேட் கூரையின் மேல் மழை.
வடக்கு வேல்ஸில், எங்கள் ஊரில்
அது மட்டும்தான் நிற்பதில்லை.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவன் என்று
என்னைச் சொல்வாள் எலினெட்.
அந்த வாரம் ஊற்றிக்கொள்ளவும் ஒரு சொட்டு இல்லை.
கெட்டிலில் காய்ச்சிப் படியேறுவதற்குள்
பாதி ஆறிப்போகும்.
தலை குளிக்காததை மறைக்க
நெஸ்ட் கம்பளித் தொப்பியோடு பள்ளிக்குப் போனாள்.
மூன்றாம் நாள் அவள் தோழிகளும் தொப்பியோடு வந்தார்களாம்.

வியாழக்கிழமை இத்தெல் வந்தார்.
பூட்ஸுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை.
ரேடியேட்டர்களைத் தட்டிப் பார்த்தார்,
குளியலறைக் குழாயின் கீழ் ஜாடியைப் பிடித்து
உதடு அசைய விநாடி எண்ணினார்.
நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர் என்றார்
காய்ச்சல் பார்த்துவிட்டு வந்த டாக்டரைப் போல.

தொட்டியே இல்லாத காம்பி மலிவு,
திறந்தால் சூடு, மூடினால் செலவில்லை.
ஆனால் மேலே ஒருவர் குளிக்கும்போது
கீழே ஒருவர் பாத்திரம் கழுவினால்
இருவரில் ஒருவர் கத்துவார்.
அதோடு தொட்டி போனால் அந்த அலமாரியும் ஆறிவிடுமே,
துண்டுகள் எங்கே காயும்,
ரொட்டி மாவு எங்கே பொங்கும் என்றாள் எலினெட்.
அப்படியென்றால் தொட்டியும், வெளிச்சுவரில் ஒரு பம்ப்பும்.
காற்றிலிருந்து சூட்டைப் பிழிந்தெடுக்கும்.
“இந்தக் காற்றிலிருந்தா?”
“இருப்பதை எடுக்கும்” என்றார்.
“குளிரிலும் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்கிறது.”

பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
தொட்டியின் அளவுக்காகக் கேட்டார்:
வீட்டில் எத்தனை பேர்?

மூன்று என்றேன்.
நான்கு என்றாள் எலினெட், என் சொல் முடியும் முன்.
பென்சில் அந்தரத்தில் நின்றது.

மக்சென் போய் இரண்டு வருடம்.
பழைய வேனை அவன் விற்றதில் தொடங்கிய பேச்சு
எதில் முடிந்தது என்று எனக்கு நினைவில்லை,
கதவில் முடிந்தது என்பது தவிர.
அபெர்டீனில் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஏதோ வேலை.
அவன் முகம் நெஸ்டின் போனில் மட்டும் வரும்,
நான் அறைக்குள் நுழைந்தால் அணைந்துவிடும்.
வெந்நீரானாலும் நெருப்பை அணைக்கும் என்பார்கள்.
அன்று எங்கள் இருவரில் ஒருவரும்
நீராக இருக்கவில்லை.

படிக்கட்டிலிருந்து நெஸ்டின் குரல்:
“ஐந்து! மோட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?
சேற்றில் புரண்டு வந்தால்
பச்சைத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது?”
பெயர் கேட்ட நாய்
வாலால் மேசைக்காலை அடித்தது.

இத்தெல் குனிந்து எழுதினார்.
என் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது:
இருநூற்றுப் பத்து லிட்டர்.
மூன்று பேருக்கு அதிகம் இல்லையா என்றேன்.
அதிகம்தான் என்றார்.
அடித்து எழுதவில்லை.

பிப்ரவரியில் பழைய செம்புத் தொட்டியை
இரண்டு பேர் பியானோ போல இறக்கினார்கள்.
பின்னால் ஒற்றைக் காலுறை கிடந்தது,
இப்போது யார் காலுக்கும் பொருந்தாத அளவு.
எலினெட் அதைத் துவைத்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் குளித்து முடித்த பிறகும்
ஒரு ஆள் குளிக்கும் வெந்நீர் தினமும் மிஞ்சுகிறது.
இரவு முழுக்க அது மெல்ல மெல்லத்
துண்டுகளுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறுகிறது.

நேற்றுச் சாப்பாட்டின்போது
வெள்ளிக்கிழமைக் கடைசி ரயிலின் நேரத்தை
எலினெட்டுக்கு மட்டும் கேட்கும்படி
நெஸ்ட் சொன்னாள். எனக்கும் கேட்டது.

அவர்கள் தூங்கியதும்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையேட்டின் பதினேழாம் பக்கம் பார்த்து,
வெள்ளி இரவுக்கு
ஒரு மணி நேரம் கூட்டி வைத்தேன்.
காலையில் யாராவது கேட்டால்
நாய்க்கு என்று சொல்லலாம்.