நாலு வெள்ளி

வந்த மூன்றாம் நாள்,
குளுகோரில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்
தேவானை அக்கா கடையில்
ஒரு நாசி லெமாக் பொட்டலம் எடுத்தேன்.
"நாலு வெள்ளி" என்றார்.
அன்று செவ்வாய்.
நாலு வெள்ளி கழித்துத் தந்தால் போதுமா,
முன்பின் தெரியாத எனக்கு ஒரு மாதக் கடனா என்று
கண் கலங்கப் பார்த்தேன்.
"காசும்மா. நாலு ரிங்கிட்."
எனக்குப் பின்னால் நின்ற சீனர் சிரித்தார்.
அவருக்குப் புரிந்த தமிழ்
எனக்குப் புரியவில்லை.

என் ஆய்வும் வெள்ளிதான்.
ஜூருவின் சேற்றில் கலந்த வெள்ளித் துகள்
கெராங் சிப்பியின் சதைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று
நூறு கோடியில் ஒரு பங்குவரை அளப்பது.
(இதுக்கு ஏன் அவ்வளவு தூரம்,
இங்கே சேறு இல்லையா என்றார் சித்தப்பா.)
சாலிம் வாளி பிடிப்பான், நான் எண்ணுவேன்.
நீர் ஏறும் நேரம் தப்பிப்போய்
ஒரு நாள் இடது செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தேன்.
அவன் ஊர் ஹொதைதா. போக விமானம் இல்லை.
திருச்சிக்குத் தினம் உண்டு;
என் கடவுச்சீட்டுதான்
அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கிறது.
எப்போது வரும் என்றால்
கவுன்டர் பெண் நாலு விரல் காட்டுகிறாள்,
வாரம் என்கிறாள்.
ஆக, நாலு வெள்ளி.

கருவியில் எனக்குக் கிடைத்த முறை
இரவு பதினொன்று முதல் மூன்று.
ஒரு மணிக்குச் சுடர்க்கொடி அழைத்தாள்.
இரண்டு கையிலும் மருதாணி,
போனை யாரோ பிடித்திருந்தார்கள்.
அவளுக்கு இன்னும் வியாழன்.
எனக்கு வெள்ளி பிறந்து ஒரு மணி நேரம்.
"நாளைக்கு எப்படி இருக்கு, அங்க?"
மழை என்றேன்.
பாத்திக் துணி ஒன்று வாங்கியிருக்கிறேன்,
அனுப்ப எண்பது வெள்ளி கேட்கிறார்கள் என்றேன்.
"எண்பது வாரமா?
அதுக்குள்ள எனக்குப் புள்ளையே பொறந்து நடக்கும்டி!"
பின்னால் பெரியம்மாவின் குரல்:
மூத்தவளுக்கு எப்போ?
சட்டென்று படம் அணைந்தது.
மருதாணிக் கையால்தான் அணைத்திருப்பாள்.
எங்கோ கொஞ்சம் அழிந்திருக்கும்.

மூன்று மணிக்கு எண்கள் வந்தன.
சிப்பியே போடாத,
அமிலமும் தண்ணீரும் மட்டுமான குடுவையிலும்
வெள்ளி இருந்தது.
குழாயா, கையுறையா, காற்றா, நானா.
காலையில் டாக்டர் நோராய்னி தாளைப் பார்த்து
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஊலாங்" என்றார்.
மறுபடி என்று அர்த்தம்.
அவ்வளவு மலாய் எனக்கு வந்துவிட்டது.
ஐந்து மாத வேலை.

பன்னிரண்டே காலுக்குத்
தொழுகைக்காகக் கவுன்டர் மூடுவார்கள்.
நான் போனது பன்னிரண்டு இருபதுக்கு.
படியில் உட்கார்ந்தேன்.
அங்கே பத்தரைக்கு ராகு காலம்,
அதற்குள் தட்டு மாற்ற வேண்டுமென்று
பறந்துகொண்டிருந்தார்கள்.
இங்கே பத்தரை எப்போதோ போய்விட்டது.
சோற்றுப் பொட்டலத்தில் போனைச் சாய்த்து வைத்தேன்.
(விலை ஏறிவிட்டது. நாலரை.
"என்னம்மா செய்யறது" என்றார் தேவானை அக்கா,
நான் ஒன்றும் கேட்கும் முன்பே.)
படத்தில் ஒரு மின்விசிறி, ஒரு முழங்கை,
தேங்காய்கள், யாருடையதோ ஒரு கட்டைவிரல்,
அதன் ஓரத்தில் கொஞ்சம் பச்சைப் பட்டு.
அவள்தானா என்று குனிந்து பார்த்தேன்.
யாரோ குலவையிட்டார்கள்,
பாதுகாவலர் திரும்பிப் பார்த்தார்,
சத்தத்தைக் குறைத்தேன்.

கவுன்டர் திறக்க இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.
தொழுகை முடிந்து சாலிம் வந்தபோது
பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.
தலைமுடியில் தண்ணீர் சொட்ட
பக்கத்தில் உட்கார்ந்தான்.
இலையைப் பிரித்து, நெத்திலியை ஒதுக்கி,
பாதி முட்டைதான் இருக்கிறது,
யாருக்கு என்று கேட்டான்.